தலைவர் கையெழுத்துப் போட்ட என் சிபாரிசு லெட்டர்

நேத்து எனக்கு ஒரே ஒரு வேலைதான். எங்க கோயில் தலைவர்கிட்ட ஒரு சிபாரிசு லெட்டர் வாங்கணும்.

தெங்கேராவுல ஸ்டெல்லா ஆண்ட்டி, வெளியூர்க்காரங்க வந்து தங்குற ஹோம்ஸ்டே நடத்துறாங்க. அதுக்கு மேனேஜர் தேவை. "ஊர்ல மதிப்பான ஒருத்தர்கிட்ட லெட்டர் வாங்கிட்டு வாம்மா, போதும்"னாங்க.

எனக்கு அந்த வேலை கண்டிப்பா வேணும். இப்ப ஃபேக்டரியில நைட் ஷிஃப்ட். என் மக முழிச்சிருக்கறப்ப நான் தூங்குறேன், அவ தூங்குறப்ப நான் பஸ் ஏறுறேன். வெறுத்துப் போச்சு லா.

எங்க ஊரு நியாலாஸ்ல இருக்குற தலைவர் வீட்டுக்குப் போனேன். ரிட்டையர் ஆன மனுசன். கோயில் மீட்டிங் இல்லாத நாள்ல பொழுது போகாம உக்காந்திருப்பாரு.

"லெட்டர்தானே தங்கச்சி? நீயே டைப் பண்ணு. நான் சைன் வெக்கிறேன்"னு லேப்டாப்பைத் தள்ளுனாரு.

நம்மளப் பத்தி நாமளே எழுதுறதா? விடுவேனா! பொறுப்பானவர், நேரம் தவறாதவர், மலாய், இங்கிலீஷ் சரளமாகப் பேசுபவர், கெஸ்ட் திட்டினாலும் சிரிப்பவர்... எழுதி முடிச்சப்ப எனக்கே என்மேல மரியாதை வந்துருச்சு.

தலைவர் கண்ணாடியை மாட்டிக்கிட்டுப் படிச்சாரு.

"நல்லாருக்கு. ஆனா சொல்றவன் யாருன்னு அவங்களுக்குத் தெரிய வேணாமா? என்னப் பத்தியும் ரெண்டு வரி போடு."

நியாயம்தானே? போட்டேன்.

"கும்பாபிஷேகம் நடத்துனத போடலியே?"

போட்டேன்.

"வெளியூர்க்காரங்க அத்தனை பேருக்கும் சாப்பாடு, தங்க எடம், எல்லாம் நான்தானே பாத்தேன்? பைப் ஒடைஞ்சப்பகூட நானே சரி பண்ணேன்!"

அதையும் போட்டேன்.

இப்ப எடம் பத்தல. லெட்டர்ஹெட்ல பாதிப் பக்கம் மாலை போட்ட அவரோட போட்டோ. "அடுத்த பக்கம் போனா எவனும் படிக்க மாட்டான். சுருக்கு"ன்னு ஆர்டர் வேற.

தலைவர வெட்ட முடியுமா? என்னைத்தான் வெட்டினேன். மொதல்ல மலாய் போச்சு. அப்புறம் இங்கிலீஷ். அப்புறம் சிரிப்பு. கடைசியா நின்னது, "இக்கடிதம் கொண்டு வருபவர் எனக்குத் தெரிந்தவர்."

தலைவர் படிச்சுட்டுக் கண் கலங்கிட்டாரு. "என்னமா எழுதுற தங்கச்சி!"

இன்னிக்குக் காலையில தெங்கேரா. ஆண்ட்டி படிக்கப் படிக்க அவங்க முகமெல்லாம் சிரிப்பு. எனக்கு உள்ள ஜிலுஜிலுன்னு இருந்துச்சு.

"அடேயப்பா! எவ்வளவு திறமையான ஆளு!"

"தேங்க்ஸ் ஆண்ட்டி."

"உன்னச் சொல்லலம்மா. இவரு இப்ப எங்க வேலை செய்யிறாரு?"

"ரிட்டையர் ஆயிட்டாரு ஆண்ட்டி. வீட்ல சும்மாதான் இருக்காரு."

இந்த வாயை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?

"அப்படியா? போன் நம்பர் இருக்கா?"

"லெட்டர்லயே பெருசா இருக்கு ஆண்ட்டி." அதையும் டைப் பண்ணது நான்தானே!

சாயங்காலம் தலைவர் போன் பண்ணாரு.

"தங்கச்சி, கோவிச்சுக்காத. அந்தம்மா அவ்வளவு ஆசையாக் கேட்டாங்க. முடியாதுன்னு சொல்ல மனசு வரல லா."

இப்ப ஃபேக்டரி பஸ்ல உக்காந்து இதை எழுதிட்டு இருக்கேன். மக தூங்கிட்டா. எனக்கு அழுகையும் வருது, சிரிப்பும் வருது.

சிபாரிசு லெட்டர் எப்படி எழுதுறதுன்னு யாருக்காச்சும் டவுட் இருந்தா தயங்காம என்கிட்ட கேளுங்க. ரிட்டையர் ஆன மனுசனுக்கே வேலை வாங்கிக் குடுத்தவ நான்.