இருநூறு லிட்டர் கையிருப்பு

பொருளைச் சேர்த்து வைப்பதற்குத் தமிழில் சொற்பஞ்சமே இல்லை. வீட்டில் நான் செய்தால் அது சேமிப்பு. வேலையிடத்தில் செய்தால் கையிருப்பு. அதையே பக்கத்து வீட்டுக்காரர் செய்தால் பதுக்கல். ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் பதினொரு வருடமாக ஸ்டோர் கீப்பராகக் குப்பை கொட்டுகிறவன் நான். எதுவும் தீர்ந்துபோகக் கூடாது என்பது என் கொள்கை. (என் தங்கை கவிதா இதற்கு வைத்திருக்கும் சொல் 'வியாதி'.)

அந்த வியாதி முற்றியது, அவளைப் பெண் பார்க்க வந்த நாளில்.

பையன் தினேஷ் கெர்லிங்காரர், கவிதாவோடு ஒரே அலுவலகம். அவர்கள் இருவரும் எப்போதோ முடிவு செய்துவிட்டார்கள். மிச்சம் இருந்தது இரண்டு அம்மாக்கள்தான். எங்கள் அம்மாவுக்கு, நாங்கள் இருக்கும் ஈஜோக்கிலிருந்து கெர்லிங் ரொம்பத் தூரம் என்று மனத்தாங்கல். பையனின் அம்மா இன்னும் எங்களைப் பார்த்ததே இல்லை. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வருவதாக ஏற்பாடு.

"அண்ணே, நீ ஒன்னும் செய்ய வேணாம். நல்ல சட்டையா போட்டுக்கிட்டு சும்மா ஒக்காந்திருந்தா போதும் லா," என்றாள் கவிதா.

சும்மாதான் இருந்திருப்பேன். ஆனால் வியாழக்கிழமை என் கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது. சனிக்கிழமை காலையிலிருந்து எங்கள் பகுதியில் மூன்று நாளைக்குத் தண்ணீர் வராதாம். சிலாங்கூரில் இருப்பவனுக்கு இது புதிதில்லை. இருந்தாலும் சம்பந்தம் பேச வருகிறவர்கள் கைகழுவப் போய்க் குழாயில் வெறும் காற்று வந்தால் குடும்ப மானம் என்ன ஆவது?

வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்தேன். முதலில் வாளிகள். அப்புறம் சோற்றுப் பானை, குழம்புச் சட்டி, இட்லிப் பானை, குக்கர், தேநீர்க் கெத்தல், அம்மா வெளியே எடுக்காத வெள்ளிக் குடம். பாத்திரம் தீர்ந்தது, எனக்கு ஆசை தீரவில்லை. இரண்டு டஜன் கண்ணாடி டம்ளர்களை மேசையில் அடுக்கி, விளிம்பு வரை நிரப்பி, மேலே செய்தித்தாள் போட்டு மூடினேன். அன்று இரவுச் சாப்பாடு கடையில் வாங்கியது. சனிக்கிழமை விடிந்ததும் எல்லாரையும் அவசரமாகக் குளிக்க வைத்துவிட்டு, நண்பரிடம் இரவல் வாங்கிய நீல டிரம்மைக் குளியலறைக்கு நேர் முன்னால் நிறுத்தி, ரப்பர் குழாய் போட்டு நிரப்பினேன். இருநூறு லிட்டர். குளியலறையும் கழிப்பறையுமாக வீட்டுக்கு அது ஒன்றுதான் என்பதும், அதன் கதவு வெளிப்பக்கம் திறக்கும் என்பதும் நிரப்பி முடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

ஒன்பது மணியானது. ஒன்பதரையும் ஆனது. குழாயில் தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டியது.

"டேய், பால் காய்ச்ச ஒரு சட்டி குடுடா," என்றார் அம்மா.

"ஊத்திடாதீங்கம்மா. நாம ஊத்துன மறு நிமிசம் நின்னுடும்."

"தண்ணிதான் வருதே."

"அதான் பயமா இருக்கு."

(என் கண்ணெதிரே ஓடும் தண்ணீரை நம்பாமல், சட்டியில் கிடந்த தண்ணீரை நம்பினேன். இன்று நினைத்தாலும் எனக்கே என்னை அறையலாம் போலிருக்கிறது.)

அதற்குள் வாசலில் கார் வந்து நின்றது. தினேஷ், அவருடைய அம்மா, தாய்மாமா. தாம்பூலத் தட்டை ஹாலில் பாய் விரித்து அதன்மேல் வைத்தார்கள். தேநீருக்கு வழியில்லாததால் நான் பின்வாசல் வழியாக ஓடி, முச்சந்திக் கடையில் தே தாரிக் பார்சல் கட்டி வாங்கி வந்தேன். ஊற்றிக் கொடுக்க டம்ளரும் கிடையாது. ஆகவே என் தங்கை, பட்டுச்சேலை கட்டி, பூ வைத்து, தலைகுனிந்து, தட்டில் ஐந்து பிளாஸ்டிக் பைகளை ஏந்தி வந்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு உறிஞ்சுகுழல்.

பையனின் அம்மா தன் தேநீர்ப் பையைக் கட்டிய கயிற்றில் பிடித்துக்கொண்டு குடித்தார். குடித்து முடிக்கும்வரை அதைக் கீழே வைக்க முடியாது. முடித்துவிட்டு மெதுவாகக் கேட்டார்:

"தூரத்துலேருந்து வர்றோம். டாய்லெட் எந்தப் பக்கம் தம்பி?"

ஓடிப்போய் டிரம்முக்கு முதுகைக் கொடுத்துத் தள்ளினேன். இருநூறு லிட்டர் தண்ணீர் இருநூறு கிலோ என்று ஒரு ஸ்டோர் கீப்பருக்குத் தெரிந்திருக்க வேண்டும். டிரம் நகரவில்லை, சாய்ந்தது.

தண்ணீர் ஹாலுக்குள் வந்தது. மாமா இரண்டு கால்களையும் சோபாவில் தூக்கி வைத்துக்கொண்டார். வெற்றிலை மிதந்தது. தட்டிலிருந்த ஆரஞ்சுப் பழங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பி நிதானமாக வாசலை நோக்கிப் போயின. தினேஷ் எதுவும் கேட்காமல் கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு விளக்குமாற்றை எடுத்தார்.

அவருடைய அம்மா சேலையைத் தூக்கிப் பிடித்தபடி, வழி கிடைத்த குளியலறைக் கதவைக் காட்டி, "இப்ப போலாமா தம்பி?" என்றார்.

கிளம்பும்போது, "யோசிச்சுச் சொல்றோம்," என்றார்கள். கவிதா என்னைத் திட்டவில்லை. ஈரப் பாயில் உட்கார்ந்து ஆரஞ்சுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் வாழ்க்கையை நான் கெடுத்துவிட்டேன் என்று அப்போது நிஜமாகவே நம்பினேன்.

"எல்லாத்தையும் கொட்டு. ஒரு டம்ளர்லகூட தண்ணிய நான் பாக்கக் கூடாது," என்றார் அம்மா. கொட்டினேன். கழுவிக் கவிழ்த்தும் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை குழாயைத் திறந்தால் தண்ணீர் இல்லை. தண்ணீர் நிறுத்தத்தை ஒரு நாள் தள்ளிவைத்திருப்பதாக வெள்ளிக்கிழமையே இரண்டாவது செய்தி வந்திருக்கிறது. டம்ளர்களை நிரப்புகிற மும்முரத்தில் நான் அதைப் படிக்கவில்லை.

அம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் வடிக்க எனக்குத் திராணி இல்லை.

மதியம் தினேஷின் கார் வந்தது. பின்சீட்டிலும், சாமான் வைக்கும் பூட்டிலுமாக எட்டுப் பிளாஸ்டிக் தோங் நிறையத் தண்ணீர். கவிதா போன் செய்து சொல்லியிருக்கிறாள்.

"அம்மாதான் புடிச்சுக் குடுத்தாங்க," என்றார்.

யோசித்துச் சொல்வதாகப் போனவர்கள் சொல்லிவிட்டார்கள் என்பது எங்களுக்குப் புரிந்தது; என் அம்மாவுக்கு மட்டும் கெர்லிங் இன்னும் தூரமாகவே இருந்தது. திங்கட்கிழமை தினேஷ் வேலை முடிந்து மறுபடியும் எட்டுத் தோங்கோடு வந்தார். செவ்வாய்க்கிழமையும் வந்தார். அன்றுதான் அம்மா அடுப்படியிலிருந்து, "மாப்ள, அதை இப்படி ஓரமா வைங்க," என்றார். கவிதா சட்டென்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். முகம் தெரியாமலிருக்க நான் தோங்கைத் தூக்குவது போல் குனிந்துகொண்டேன்.

கல்யாணம் முடிந்து நான்கு வருடம் ஆகிறது. இப்போதும் ஈஜோக் பக்கம் தண்ணீர் நிற்கப்போகிறது என்று அறிவிப்பு வந்தால் போதும், கெர்லிங்கிலிருந்து தினேஷின் அம்மாவின் போன் எனக்குத்தான் வரும்.

"தம்பி, நீங்க எதையும் தொடாதீங்க. ஒங்க மாப்ள கெளம்பிட்டாரு."