எழிலரசன் அண்ணனும் ஐந்து நிமிட அப்டேட்டும்

உங்கள் ஊரிலும் அவர் இருப்பார். இல்லை என்று சொல்லாதீர்கள். ஊர் என்று ஒன்று இருந்தால் அதற்கு ஒரு பஸ் நிறுத்தம், ஒரு டீக்கடை, போனுக்கு அப்டேட் வந்த அன்றே அதைப் போட்டுப் பார்த்துவிட்டு ஊருக்கே கருத்துச் சொல்லும் ஓர் அண்ணன் ஆகிய மூன்றும் உண்டு. பஸ் நிறுத்தம் இல்லாத ஊரைக்கூடப் பார்த்திருக்கிறேன். அந்த அண்ணன் இல்லாத ஊரைப் பார்த்ததில்லை.

அவரை அடையாளம் காண்பது சுலபம். காலையில் எழுந்ததும் மற்றவர்கள் பல் விளக்குவார்கள். இவர் செட்டிங்ஸுக்குள் போய், 'புதிய அப்டேட் எதுவும் இல்லை' என்று போன் சொல்வதைப் படித்து, அது எதையோ மறைக்கிறது என்று சந்தேகப்பட்டு, மறுபடி அழுத்தி, மறுபடி படித்து, வெளிநாட்டுக்காரனுக்கெல்லாம் வந்துவிட்டதாமே, நமக்கு மட்டும் ஏன் வரவில்லை என்று வருந்தி, அதற்குப் பிறகுதான் பல் விளக்குவார். வந்துவிட்டாலோ? சார்ஜரைச் செருகிவிட்டு, பிரசவ அறைக்கு வெளியே நிற்கும் கணவனைப்போல் வாசலுக்கும் கூடத்துக்குமாக நடப்பார். அந்த நேரத்தில் சோறு இறங்காது.

திருமயம் சாலையில் இருக்கும் எங்கள் ஊரில் இந்தப் பொறுப்பை எழிலரசன் அண்ணன் ஏற்றிருக்கிறார். யாரும் கொடுக்கவில்லை, அவரே ஏற்றுக்கொண்டார். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன் நான். வேலை இன்னும் கிடைக்கவில்லை, நேரம் நிறைய இருக்கிறது. நியாயப்படி ஊரின் போன் சந்தேகங்கள் என்னிடம்தான் வர வேண்டும். ஆனால் நான் "தெரியல, பாத்துச் சொல்றேன்" என்று சொல்கிற ஆள். அந்த வாக்கியம் எழிலரசன் அண்ணன் வாயில் வந்து யாரும் கேட்டதில்லை. தெரியாது என்பவனை நம்பி யார் போனைக் கொடுப்பார்கள்? நீங்களே கொடுப்பீர்களா?

போன மார்கழியில் ஒரு பெரிய அப்டேட் வந்தது. மறுநாள் காலை இன்னாசி மாமாவின் டீக்கடையில் அண்ணனின் முதல் கருத்து வெளியானது.

"சும்மா வழுக்கிட்டுப் போகுது மாமா. ஃபீலே வேற."

"முந்தி எப்படிப்பா போச்சு?" என்றார் இன்னாசி மாமா, டீயை ஆற்றிக்கொண்டே.

"முந்தியும் நல்லாத்தான் போச்சு. ஆனா இது வேற."

இதற்கு மேல் விளக்கம் கேட்கிறவன் நாகரிகம் தெரியாதவன். கூடவே புது ஆப்கள் வேறு வந்திருந்தன. ஒன்று, நாம் மூச்சு விட வேண்டிய நேரத்தை மணியடித்து ஞாபகப்படுத்தியது. அதுவரை ஊரில் எல்லோரும் எப்படியோ மறக்காமல் விட்டிருக்கிறோம். இன்னொன்று, எவ்வளவு நேரம் தூங்கினோம் என்று காட்டியது. அதைப் பார்ப்பதற்காக அண்ணன் இரவில் எழுந்து எழுந்து உட்கார்ந்தார். மூன்றாவது, வந்த செய்திகளைப் படித்துச் சுருக்கிக் கொடுத்தது. அவர் மனைவி 'பருப்பு வாங்கிட்டு வாங்க' என்று அனுப்பியதை, 'உங்கள் குடும்பத்தினர் ஒருவர் பருப்பு குறித்து ஆர்வம் தெரிவித்துள்ளார்' என்று சுருக்கியது. அண்ணன் அதைக் கடையில் எல்லோருக்கும் காட்டினார். பருப்பு மட்டும் வீடு போய்ச் சேரவில்லை.

இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்கிறீர்களா? சொர்ணம் அக்காவிடம் கேட்க வேண்டும்.

சொர்ணம் அக்கா ஒரு ஜல்லிக்கட்டுக் காளை வளர்க்கிறார். பெயர் மிளகு. போன வருஷம் காலில் அடிபட்டு மிளகு வாடிவாசலுக்குள் நுழையவே இல்லை. அன்றிலிருந்து அக்காவின் கொழுந்தனார், "வாடி பாக்காத மாட்டுக்குப் பருத்திக்கொட்டை எதுக்கு? வந்த வெலைக்குத் தள்ளிவிடுங்க" என்று வாரம் தவறாமல் சொல்லிக்கொண்டிருக்கிறார். "இந்த வருசம் நம்ம ஊரு வாடியில அவுத்துக் காட்டுறேன். அப்புறம் பேசுங்க" என்று அக்கா சபையில் சொல்லிவிட்டார். சொன்னால் சொன்னதுதான். மிளகைத் தினமும் கண்மாயில் நீந்தவிட்டார், மண்மேட்டில் குத்தவிட்டார், பிள்ளைக்கு ஊட்டுவதுபோல் பேரீச்சம்பழம் ஊட்டினார்.

ஆனால் இப்போது காளை தயாராக இருந்தால் மட்டும் போதாது, டோக்கனும் வேண்டும். அதற்கு ஆன்லைனில் பதிய வேண்டும். காலை பத்து மணிக்குப் பதிவு திறந்தால் டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். பதிவு நாளன்று பத்துக்குக் கால்மணி நேரம் இருக்கும்போது, சிங்கப்பூரிலிருந்து மகன் வாங்கி அனுப்பிய போனோடு அக்கா டீக்கடைக்கு வந்தார். காளையோடு எடுத்த படம், டாக்டர் சர்டிபிகேட் எல்லாம் அதில்தான். ஓடிபியும் அதற்குத்தான் வரும்.

"எழிலு, இங்கிட்டு வாடா. இதுல மிளகு பேரப் பதிஞ்சு குடு."

அண்ணன் போனை வாங்கினார். செட்டிங்ஸின் தலையில் ஒரு சிவப்புப் புள்ளி. சிவப்பைக் கண்டால் காளை மிரளும் என்பார்கள். மிளகு மிரண்டதில்லை. எழிலரசன் அண்ணன் மிரண்டார்.

"என்னக்கா இது! அப்டேட் போடாமயே வச்சிருக்கீங்க?" மாட்டுக்குத் தண்ணீர் காட்டாதவரைக் கேட்பதுபோல் கேட்டார்.

"பேசுனா கேக்குதுடா. எனக்கு வேற என்ன வேணும்?"

"பழைய வெர்ஷன்ல சைட்டு தெணறும்க்கா. புதுசுல பறக்கும். அஞ்சே நிமிசம். நான் சொல்லல, போனே சொல்லுது பாருங்க."

போன் சொல்லும் ஐந்து நிமிடமும், கல்யாண வீட்டில் 'இந்தா, எலை போட்டாச்சு' என்று சொல்லும் ஐந்து நிமிடமும் ஒரே ஜாதி. அழுத்திவிட்டார். திரை கறுத்தது. நடுவில் ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது.

பத்து மணி ஆயிற்று. வட்டம் சுற்றியது. அக்கா கடைக்குள்ளும் வெளியிலுமாக நடந்தார்.

"சிம்மக் கழட்டி வேற போன்ல போடேம்ப்பா" என்றார் இன்னாசி மாமா.

"ஓடுறப்ப உருவுனா போன் செத்துரும் மாமா! படமெல்லாம் இதுக்குள்ளதான கெடக்கு?"

எல்லோரும் வட்டத்தைச் சுற்றி நின்றோம். நானும்தான். நாற்பது சதவீதம், அறுபது சதவீதம் என்று ஆளுக்கு ஆள் உரக்கச் சொன்னோம். ஒரு கட்டத்தில் எதற்காக நிற்கிறோம் என்பதே மறந்துவிட்டது; நூறு வந்ததும் ஒருவர் கைதட்டினார்.

போன் விழித்து, 'வணக்கம்!' என்றது. மொழி கேட்டது, சம்மதம் கேட்டது, விரலைக் கேட்டது, புது வசதிகளைச் சுற்றிப் பார்க்கிறீர்களா என்று கேட்டது. ஒருவழியாக அண்ணன் சைட்டைத் திறந்தார். அவர் சொன்னது பொய்யில்லை, பறந்தது. 'பதிவு முடிவடைந்தது' என்ற வரி கண்ணிமைப்பதற்குள் வந்து நின்றது.

"பாத்தீங்களாக்கா, என்னா ஸ்பீடு!"

அந்த ஒரு கணத்தில் அவர் முகத்தில் இருந்தது நிஜமான சந்தோஷம். அதை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை.

"ஏண்டா," என்றார் அக்கா, போனைப் பிடுங்கியபடி, "முடிஞ்சிருச்சுங்கிறத நான் மெதுவாவே தெரிஞ்சுக்கிட்டிருக்க மாட்டனா?"

ஜல்லிக்கட்டு அன்று அக்கா விட்டுக்கொடுக்கவில்லை. மிளகின் கொம்புக்கு வண்ணம் தீட்டி, நெற்றியில் சந்தனம் வைத்து, புதுக் கயிறு மாற்றி, கொட்டகையில் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். தூரத்து மைக்கில் ஒவ்வொரு மாட்டின் பேராகச் சொல்லச் சொல்ல, மிளகு ஒவ்வொரு முறையும் தலையைத் தூக்கிப் பார்த்தது. வேலிக்கு அந்தப் பக்கம் கொழுந்தனார் ஒரு மாட்டு வியாபாரியோடு நின்றுகொண்டிருந்தார். ஆறுதல் சொல்லப் போன எழிலரசன் அண்ணன் சொன்னார்: "வருத்தப்படாதீங்கக்கா. அடுத்த அப்டேட்ல சரி பண்ணிருவாங்க."

அக்கா அவரைப் பார்க்கவில்லை. வியாபாரியைப் பார்த்து, "மாடு விக்கிறதுக்கில்ல. கெளம்புங்க" என்றார்.

இந்தக் கதையை இதுவரை நாலைந்து பேரிடம் சொல்லிவிட்டேன். கேட்டவர்கள் எல்லோரும் 'அடப் பாவமே' என்றார்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, சொல்லிவைத்ததுபோல் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். மிளகுக்கு வேறு ஊரில் டோக்கன் கிடைத்ததா என்றல்ல. "அது என்ன போன்? அந்த அப்டேட் நமக்கு வந்துருச்சா?"

நீங்கள் அப்படிக் கேட்கிற ஆளில்லை, தெரியும். ஆனால் படித்துக்கொண்டிருந்தபோதே உங்கள் கட்டைவிரல் ஒருமுறை செட்டிங்ஸ் பக்கம் போய்வந்ததே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்? சரி, போனது போகட்டும். போட்டுப் பார்த்தால் எப்படி இருக்கிறது என்று எனக்கு மட்டும் சொல்லுங்கள். சொர்ணம் அக்கா காதில் விழாமல்.