நான் கலைத்த மலைப்பாதை

தப்பு என்னுடையதுதான், ஒப்புக்கொள்கிறேன். அதற்காகக் கணிதத்தில் முதுகலை படித்த ஒருத்தியை ஐந்து வயதுப் பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து விசாரிக்கலாமா? அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கணவருக்கு வனத்துறை அலுவலகத்தில் வேலை. அதனால் ஜவ்வாது மலைக்குக் குடிவந்தோம். மகள் கயலை இங்கிருந்த மழலையர் வகுப்பில் சேர்த்தேன். அங்கே செல்வி டீச்சர் பாடம் நடத்துவதே இல்லை. மண் மூலை, விதை மூலை, சமையல் மூலை என்று பிள்ளைகள் தங்களுக்குப் பிடித்த இடத்தில் போய் உட்கார்ந்துகொள்வார்கள். மூன்று மாதமாகியும் கயலுக்கு 'அ' எழுத வரவில்லை. ஜூனில் அவளை மலையடிவாரத்து ஆலங்காயத்தில் பெரிய பள்ளியில் சேர்க்க வேண்டும். அங்கே எழுதிக் காட்டினால்தான் இடம். (சோறு ஊட்டும்போதெல்லாம் அவள் விரல்களை உற்றுப் பார்ப்பேன், பென்சில் பிடிக்கிற விரல்கள்தானா என்று.)

நியாயம் கேட்கப் போனேன். ஒருநாள் வந்து உட்கார்ந்து பார்க்கச் சொன்னார் டீச்சர்.

பார்த்தேன். கயலும் இன்னும் சிலரும் தரை முழுக்கப் புளியங்கொட்டைகளை வளைத்து வளைத்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். இதுதான் படிப்பா? அவர்கள் கைகழுவப் போனதும், பாதிக் கொட்டைகளை அள்ளிப் பெரிய 'அ' ஒன்று அடுக்கினேன். (சுழி அற்புதமாக வந்திருந்தது.)

திரும்பி வந்த கூட்டம் வாசலிலேயே நின்றுவிட்டது. ஒரு பையன் உதட்டைப் பிதுக்கி அழ ஆரம்பித்தான். பொன்னி என்ற பெண் முன்னால் வந்தாள். என் இடுப்பு உயரம்கூட இல்லை.

"இன்னாத்துக்கு கலைச்ச நீ?"

அது ஆலங்காயத்திலிருந்து மேலே வரும் மலைப்பாதையாம். நான்கு நாளாகப் போடுகிறார்களாம். டீச்சரைப் பார்த்தேன்.

"வட்டத்துல உக்காந்து பேசி தீத்துக்கோங்க. நான் நடுவுல வர்றது இல்லீங்க" என்றார்.

வட்டம் கூடியது. இது யாருடைய அம்மா என்று பொன்னி கேட்டாள். கயல் கூரையைப் பார்த்தாள். பத்து மாதம் சுமந்த எனக்கு இது தேவைதானா?

அது எழுத்து, அதுதான் படிப்பு என்று பொறுமையாக விளக்கினேன்.

"அதுல ஜீப்பு போவுமா?" என்றாள் பொன்னி.

முதுகலையில் இதற்குப் பதில் சொல்லித்தரவில்லை.

கலைத்தவரே திரும்பப் போட வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. சாப்பாட்டு நேரம் வரை முழங்காலில் தவழ்ந்தேன். முதல் வளைவுக்கும் அடுத்த வளைவுக்கும் நடுவில் முப்பத்திரண்டு கொட்டையாம். நான் முப்பதுதான் வைத்திருந்தேனாம். அழுத பையன் மூக்கைத் துடைத்துக்கொண்டு எண்ணிக் காட்டினான். கடைசியில் கயல் என் பக்கத்தில் வந்து குந்தினாள்.

"எம்மா, நீ தள்ளு. உனக்கு வராது."

எல்லார் முன்னாலும் அம்மா என்று ஒப்புக்கொண்டாளே, அதுவே போதும் என்று தள்ளிக்கொண்டேன்.

ஜூனில் ஆலங்காயம் போனோம். எழுதச் சொன்னார்கள். அந்தப் பாதையைத்தான் வரைந்தாள், எல்லா வளைவுகளோடும். இடம் கிடைக்கவில்லை. இன்னும் செல்வி டீச்சரிடம்தான் இருக்கிறாள். நான் வாயைத் திறப்பதில்லை.

அழுத பையனின் அப்பாதான் ஆலங்காயத்துக்கும் மலைக்கும் ஆள் ஏற்றி ஜீப் ஓட்டுகிறவர். அன்று ஆலங்காயத்திலிருந்து திரும்பி வர அதில்தான் ஏறினோம். "அக்கா ஏறிட்டாங்க. ரோடு கீதான்னு பாத்துக்கோங்கப்பா" என்றார். இன்றுவரை, நான் ஏறும்போதெல்லாம் அதையே சொல்கிறார். ஜீப்பே சிரிக்கிறது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரிப்பது என் மடியில் உட்கார்ந்திருப்பவள்.