கட்டைவிரலும் மீன் தொட்டியும்

எங்கள் அலுவலகத்தில் மன அமைதி குறைந்துவிட்டது என்று மேலதிகாரி கண்டுபிடித்தார். அக்கம்பக்கத்து அலுவலகங்களெல்லாம் மீன் தொட்டி வைத்த பிறகுதான் அவருக்கு அது உறைத்தது என்பது வேறு விஷயம். உடனே ஒரு தொட்டி வந்து இறங்கியது. அதைக் கழுவும் பெரும்பொறுப்பு என் பக்கத்து மேஜை எழுத்தரிடம் ஒப்படைக்கப்பட்டது. அன்றிலிருந்து அவர் எங்களுக்குத் தொட்டி அண்ணன்.

குண்டூசி குத்தாத விரல் எங்கள் அலுவலகத்தில் ஏது? குத்துப்பட்ட விரலோடுதான் அண்ணன் தொட்டி கழுவினார். சில வாரத்தில் கட்டைவிரலில் ஒரு கட்டி. பிறகு கை நெடுக வரிசையாக.

"தொட்டித் தண்ணியில இருக்கிற கிருமி. அபூர்வமா வர்றது," என்றார் டாக்டர். "மாசக்கணக்கா மாத்திரை சாப்பிடணும். அசட்டையா விட்டா விரலை மடக்கவே முடியாது. தண்ணியில கை வைக்காம லீவு போடுங்க."

லீவு கேட்க வருகை இயந்திரத்தில் கட்டைவிரல் வைக்க வேண்டும். புண்பட்ட விரலை அது மதிக்கவில்லை.

"நீங்க வேலைக்கே வரலையே! வராதவருக்கு எப்படி லீவு குடுக்கிறது?" என்றார் மேலதிகாரி.

"சார், உங்க முன்னாடிதானே நிக்கிறேன்!"

"நிக்கிறீங்க. ஆனா வரலை."

"வராதவன் எப்படி சார் தொட்டி கழுவுறது?"

"அது கடமை. அதுக்கு வருகைப் பதிவு தேவையில்லை."



தொட்டியின் மேல் விழுந்த வீண்பழியைத் துடைக்க ஒரு கூட்டம் கூட்டப்பட்டது. மேலதிகாரி முழங்கை வரை கையைத் தொட்டிக்குள் விட்டார். அவரையடுத்து பதவி வரிசைப்படி நாங்கள் எல்லோரும், குண்டூசி குத்திய விரல்களோடு.

"பாத்தீங்களா, ஒண்ணும் ஆகலை!" என்றார் மேலதிகாரி. ஈரக் கைகளைத் தட்டினோம்.

சில வாரம் போயிற்று. இயந்திரம் ஒருவர் விரலையும் ஏற்கவில்லை. "நான் வந்திருக்கேன்! வந்திருக்கேன்!" என்று மேலதிகாரி அதனிடம் கத்தினார். அண்ணன் மெல்லப் போய் நின்றார். அவர் விரல் அதற்குள் பாதிதான் மடங்கியது.

"சார், என் லீவு?"

"அதுக்கு என் விரல் பதியணுமேய்யா. நானே இன்னைக்கு வரலையே!"

யாருமே வராத அந்த அலுவலகத்திலிருந்து அன்று ஓர் உத்தரவு மட்டும் வெளிவந்தது: ஊழியர் நலன் கருதி, தொட்டி பொதுமக்கள் காத்திருக்கும் கூடத்துக்கு மாற்றப்படுகிறது.

"இன்னைக்கு ஆபீசுக்கு யாருமே வரலையாம்," என்றார் கூடத்தில் வரிசையில் நின்ற ஓர் அம்மாள்.

"என்னைக்குத்தான் வந்தாங்க?" என்றார் பின்னால் நின்றவர். மனுவுக்குக் குண்டூசி குத்தும்போது தன் விரலையும் சேர்த்துக் குத்திக்கொண்டவர் அவர். எரிச்சல் அடங்கட்டுமென்று விரலைத் தொட்டிக்குள் விட்டு ஆட்டினார்.

"ஆனா சும்மா சொல்லக்கூடாதும்மா. தொட்டியை அழகா வச்சிருக்காங்க!"