ரூட்டு அண்ணன் போட்ட நெய்யில்லாத ரூட்டு

உலகத்தில் எந்தச் சமையற்கட்டுக்குள்ளும் கேட்காமல் நுழையும் உரிமை இரண்டே ஜீவன்களுக்குத்தான் உண்டு. ஒன்று பூனை. மற்றது எங்கள் தெருமுனை கார் ஸ்டாண்டு டிரைவர் ரூட்டு அண்ணன். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும். பழனிக்குப் போக வண்டியில் ஏறினால், வழியில் எந்தக் கடையில் எத்தனை மணிக்கு முதல் வடை இறங்கும் என்பது வரை சொல்லிவிட்டுத்தான் சாவியைத் திருகுவார். பதினொரு மணிக்குப் பிரியாணி உள்ளே போகாவிட்டால் கை ஸ்டியரிங்கில் நிற்காது என்பார்.

போன வருஷம் இந்த மனிதரிடம்தான் என் மானத்தை ஒப்படைத்தேன்.

என் தங்கை மலர் புனேயில் இருக்கிறாள். வீகன். அதாவது, கறி மீன் மட்டுமல்ல, பால், தயிர், நெய், தேன் எதையும் தொடமாட்டாள். முன்பு ஒருமுறை வந்திருந்தபோது, ஒரு கரண்டி நெய் என்ன செய்துவிடப் போகிறது என்று அவள் பொங்கலில் ஊற்றிவிட்டேன். சொல்லவும் இல்லை. பாசம்தான், வேறென்ன! கண்டுபிடித்துவிட்டாள். அன்று சாயங்காலமே பெட்டியைக் கட்டியவள் இரண்டு வருஷம் பேசவில்லை. பிறகு திடீரென்று ஒரு மெசேஜ்: ‘ரெண்டு நாள் திண்டுக்கல் சுத்திப் பாக்க வாரேன். லாட்ஜுல தங்கிக்கிறேன். உன் வீட்டுல சாப்பிட மாட்டேன்.’ பிறந்த ஊருக்கே டூரிஸ்ட்! இந்த முறையும் அவள் இலையில் ஒரு சொட்டு நெய் விழுந்தால் எனக்குத் தங்கை இல்லை.

ரூட்டு அண்ணனிடம் சொன்னேன். கண் விரிந்தது.

“தேனுமா ஆகாது? தேனீ என்ன பாவம் பண்ணுச்சு?”

“தேனீ பாவம்னுதான்ணே தொடமாட்டா.”

“அட!” அடுத்த விரலை மடக்கினார். “பாயாசம்?”

“தேங்காப்பால்ல வச்சா குடிப்பா.”

“அது மட்டும் பால் இல்லையாக்கும்?”

பத்து நிமிஷம் குறுக்கு விசாரணை. கடைசியில், “எட்டு நாளு குடுங்க அப்பு, ரூட்டு போட்டுத் தாரேன்” என்று கிளம்பினார்.

ஒரு மெஸ்ஸை விடவில்லை. நேரே அடுப்படிக்குப் போய்க் குருமாவைக் கிளறி, “இதுல தயிரு எம்புட்டு?” என்பார். தோசைக்கல்லைக் குனிந்து மோந்து பார்ப்பார். நாகல் நகரில் ஒரு மாஸ்டர் கரண்டியை ஓங்கியே விட்டாராம். ஐந்தாம் நாள் தலையில் அடித்துக்கொண்டு வந்தார். “நெய் வேணாம்னா, கூச்சப்படுறாகன்னு நெனச்சு ரெண்டு கரண்டி சேத்து ஊத்துறாய்ங்க அப்பு!” நான் தரையைப் பார்த்தேன். நானும் அந்த ஜாதிதானே.

ஆறாம் நாள், “வழி கெடச்சிருச்சு” என்று சிரித்தார். என்ன வழி என்று சொல்லவில்லை.

மலர் வந்தாள். மலைக்கோட்டையில் ஏறி இறங்கிப் பசியோடு மூவரும் ஒரு மெஸ்ஸில் உட்கார்ந்தோம். அவள் இலையில் நெய் இல்லை, மோர் இல்லை. நல்லது. ஆனால் உப்பும் இல்லை, புளியும் இல்லை. தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய் வெஞ்சனம் எனக்கு மட்டும் வந்தது. மெஸ்காரம்மா மலரின் முதுகைத் தடவி, “எத்தன நாளு பத்தியம் தாயி? நாட்டு மருந்தா?” என்றார்.

விஷயம் விளங்கிவிட்டது. வீகன் என்றால் எங்கள் ஊரில் யாரும் மதிக்கமாட்டார்கள். பத்தியம் என்றால் எமனே சிபாரிசுக்கு வந்தாலும் ஒரு சொட்டு நெய் ஊற்றமாட்டார்கள். ரூட்டு அண்ணன் என் தங்கையை ஊர் முழுக்க நோயாளி ஆக்கி வைத்திருக்கிறார்! பத்தியத்தில் உப்பும் புளியும் கூடவே போய்விடும் என்பதைத்தான் மறந்துவிட்டார்.

மலர் என்னைப் பார்த்தாள். “மறுபடியும் பொய்யா?”

ரூட்டு அண்ணன்தான் எழுந்தார்.

“பொய் சொன்னது நானு தாயி, அவரு இல்ல. ஆனா எலையில பொய் இல்ல. எட்டு நாளா பிரியாணியத் தொடாம, ஒவ்வொண்ணா நானே தின்னு பாத்தது.”

மலர் மெஸ்காரம்மாவிடம் திரும்பினாள். “எனக்குச் சீக்கு ஒண்ணுமில்லக்கா. பாலு, நெய்யி சாப்பிடறதில்ல, அம்புட்டுத்தான். உள்ளதச் சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?”

“ஊத்தித்தான் இருப்பேன்” என்றார் அந்த அம்மா, கொஞ்சமும் யோசிக்காமல்.

மலர் சிரித்தாள் பாருங்கள், பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “சரிக்கா, உப்பக் கொண்டாங்க.”

அப்புறம் இரண்டு நாளும் அவள் ரூட்டு அண்ணனோடுதான் சுற்றினாள். சிறுமலைப் பழம், கடுங்காப்பி, நல்லெண்ணெய்ப் பணியாரம் என்று எல்லாவற்றையும் கேள்வி கேட்டுக் கேட்டே தின்றார்கள். கடைசிச் சாயங்காலம் அவரிடம் சொன்னாள்: “அண்ணே, நாளைக்குக் காலையில இன்னொரு அடுப்படியச் சோதிக்கணும். எங்க அண்ணன் வீடு.”

விடிந்ததும் வந்துவிட்டார். எங்கள் தோசைக்கல்லை ஒருதரம் மோந்தார். “இது பத்து வருஷமா நெய் குடிச்ச கல்லு” என்று ஒதுக்கிவிட்டு, மெஸ்ஸிலிருந்து இரவல் வாங்கி வந்த கல்லை வைத்தார். மாவு, சட்னி, கரண்டி எல்லாம் பார்த்துவிட்டு வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார். “தைரியமா உக்காரு தாயி.”

மலர் உட்கார்ந்தாள். நான்தான் தோசை ஊற்றினேன். நான்காவதையும் முடித்துவிட்டுத் தட்டை நீட்டி, “அண்ணே, இன்னொண்ணு” என்றாள். என்னைத்தான் கூப்பிட்டாள். ரூட்டு அண்ணனை அப்படியே கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. கையில் மாவுக் கரண்டி இருந்ததால் விட்டுவிட்டேன்.