கியோட்டோவுக்குப் போன கேமராப் பை

பிளெய்ன்ஸ்பரோ அபார்ட்மெண்டின் நடு ஹாலில் நான்கு பெட்டிகளையும் மல்லாத்தி வைத்துக்கொண்டு சேனாபதி சபதம் செய்தார். சொந்த ஊரான கோயமுத்தூருக்கு லீவில் போகும் வழியில் ஜப்பானில் நான்கு நாள். வழிகாட்டிப் புத்தகத்தில் மூன்று நட்சத்திரம் வாங்கிய இடங்களைத்தான் பார்ப்பது. மூன்று நட்சத்திரம் வாங்கிய கடைகளில்தான் உண்பது. வீட்டுச் சமையலின் வாசனைகூட அந்த மண்ணை மிதிக்கக் கூடாது.

"நயாகராவுல மோட்டல் பாத்ரூம்ல குக்கர் வெச்சே. ஃபயர் அலாரம் அடிச்சு, மொத்த மோட்டலும் பைஜாமாவோட பார்க்கிங் லாட்ல நின்னுச்சு. இந்தத் தடவை நடக்காது, மரகதம்!"

"சரிங்க."

பதினெட்டு வருஷத் தாம்பத்தியத்தில் மனைவி எதிர்வாதமின்றிச் சொன்ன முதல் 'சரி' அது. விவரமுள்ளவன் அங்கேயே நடுங்கியிருப்பான். சேனாபதி குக்கரைப் பறிமுதல் செய்தார். சேலை மடிப்பில் பதுங்கியிருந்த ஊறுகாய் பாட்டிலையும் கைது செய்தார். பிறகு கேமராப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெற்றிநடை போட்டார்.

டோக்கியோவில் கண்ணுக்குக் குறையில்லை. வயிறுதான் வாடியது. சேனாபதி முட்டைகூடத் தொடாத சைவம். கடை வாசலில் மெழுகு பொம்மையாக வைத்திருந்த காய்கறி நூடுல்ஸை விரலால் சுட்டினார். அது மீன் சாற்றில் நீந்தி வந்து சேர்ந்தது. கியோட்டோவில் டோஃபு என்ற சோயாக் கட்டியைக் கேட்டார். மேலே தூவியிருந்த சீவல்கள் சூட்டில் நெளிந்து நெளிந்து ஆடின.

"ஏனுங்க, அது உசுரோட இருக்குதுங்க."

"உளறாதே. ஏதோ வெஜிடபிள்."

"ஃபிஷ்" என்று சொல்லி, பரிமாறிய பெண் இடுப்புவரை குனிந்து வணங்கினாள்.

மூன்றாம் நாள், வாழைப்பழத்தில் பிழைத்திருந்த சேனாபதி, குளத்தில் நிழலாடும் பொற்கோயில் முன் நின்றார். கேமராவில் ரோல் முடிந்திருந்தது. பையிலிருந்து புது ஃபிலிம் டப்பாவை எடுத்துத் திறந்தார். இட்லிப் பொடி. இன்னொன்றைத் திறந்தார். பருப்புப் பொடி. மூன்றாவதில் உப்பு நார்த்தங்காய்.

"மரகதம்! என் ஃபிலிமெல்லாம் எங்கே?"

"வீட்டு ஃப்ரிட்ஜுல, கெட்டுப்போகக் கூடாதுன்னு நீங்க வெச்ச எடத்துலயே பத்திரமா இருக்குதுங்க. டப்பாவ மட்டுந்தான் எடுத்துக்கிட்டேன்."

"உலகமே பாக்க வர்ற கோயில் முன்னாடி, இட்லிப் பொடியோட நிக்கறேன்!"

"ஃபிலிம் இந்த ஊர்ல தெருவுக்குத் தெரு விக்கறான். இட்லிப் பொடி விக்கறானான்னு விசாரிச்சுப் பாருங்களேன்."

விசாரிக்க அவசியமிருக்கவில்லை. கோயில் வாசலிலேயே ஃபிலிம் கிடைத்தது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே படமெடுத்தார். சபதத்தை மட்டும் விடவில்லை.

மத்தியானம், நட்சத்திரமே இல்லாத ஒரு சின்னக் கடை. இருவருக்கும் ஆவி பறக்க வெள்ளைச் சோறு வந்தது. மரகதம் தன் கிண்ணத்தில் பொடியைத் தூவிப் பிசைந்தாள். பெருங்காயமும் வறுத்த பருப்பும் மணத்தன. சேனாபதி வழிகாட்டிப் புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு ஒரே வரியை ஏழு முறை படித்தார். எட்டாம் முறை, புத்தகத்தைத் தாழ்த்தாமலே, இடக்கையால் தன் கிண்ணத்தை மெல்ல மனைவி பக்கம் நகர்த்தினார்.

மரகதம் டப்பாவின் மூடியைத் திறந்தாள்.

"எந்த ரோல் போடட்டுங்க? இருபத்துநாலு படம் போதுமா, முப்பத்தாறு வேணுங்களா?"

"முப்பத்தாறு" என்றது புத்தகம்.