கார்ட் போஸ்ட் கைலி

இன்னைக்குக் காலையில எனக்கு இருந்தது ஒரே வேலை. மக மறந்துட்டுப் போன சலங்கையை ஸ்கூல்ல கொண்டுபோய்க் குடுக்கணும். அவ்ளோதான்.

மக இங்க மலேசியாவுல, சுபாங் ஜெயா இடைநிலைப்பள்ளியில நாலாம் படிவம் படிக்கிறா. ஆசிரியர் தின விழாவுல தனியா ஆடுறா. ஒரு மாசமா ஆடிப் பழகி எங்க வீட்டுத் தரை படாத பாடு பட்டுச்சு.

டீச்சர் போன்லேருந்து கூப்பிட்டா. "அப்பா, இன்னும் கொஞ்ச நேரத்துல நான் ஆடணும்! சலங்கை இல்லாம மேடை ஏற மாட்டேன்!" குரல்ல அழுகை.

விழுந்தடிச்சுக் காரை எடுத்தேன். போட்டிருந்தது வீட்டு அரைக்கால் சட்டை.

ஸ்கூல் கேட்ல காவலுக்கு நின்ன கார்ட் அக்கா சலங்கையைப் பாக்கல, என் காலைப் பாத்தாங்க.

"அண்ணே, முட்டி தெரிஞ்சா உள்ள விட முடியாது லா."

"அப்ப நீங்களே குடுத்துடுங்கக்கா!"

"நான் கேட்டை விட்டு எப்படி வர்றது? இந்தாங்க, கட்டிக்குங்க."

கார்ட் போஸ்ட்டுக்குள்ளேருந்து கட்டம் போட்ட கைலி ஒண்ணு வந்துச்சு. என்னை மாதிரி அப்பாக்களுக்குன்னே வாங்கி வச்சிருக்காங்களாம்! அரைக்கால் சட்டை மேலேயே சுத்திக்கிட்டு ஓடினேன்.

கைலி கட்டின தமிழன் அவசரத்துல என்ன பண்ணுவான்? மடிச்சுக் கட்டுவான்! என்னைக் கேக்காமலே கை அந்த வேலையைப் பாத்துடுச்சு.

"என்சேக்! லுத்துட்! லுத்துட்!"

மாடியிலேருந்து ஒரு மலாய் சார் தன் முட்டியைத் தட்டிக் காட்டிக் கத்தினார், முட்டி தெரியுதாம். இறக்கி விட்டேன். படிக்கட்டு வந்துச்சு. மறுபடி மடிச்சுட்டேன்.

மண்டபத்துக்குள்ள போனா, குண்டூசி விழுந்தா கேக்கும். மேடைக்குப் பின்னாடி போக இருந்த ஒரே வழி, முன்வரிசையில உக்காந்திருந்த தலைமையாசிரியைக்கு முன்னாடிதான்!

சத்தமில்லாமதான் நடந்தேன். சலங்கைக்கு அது தெரியல. ஜல்! ஜல்! ஜல்!

மொத்த மண்டபமும் திரும்புச்சு. அடுத்த ஆட்டம் ஆரம்பிச்சிடுச்சுன்னு நெனச்சு யாரோ கையும் தட்டிட்டாங்க. தலைமையாசிரியை மட்டும் சிரிக்கல. ஒரு விரலை நீட்டி என் முட்டியைக் காட்டினாங்க.

அய்யய்யோ, மடிப்பு!

ஒரு கையில சலங்கை. இன்னொரு கையால மடிப்பைப் பிடிச்சு ஒரே இழு. மடிப்போட சேர்ந்து முடிச்சும் வந்துடுச்சு!

கைலி காலடியில. எதைப் போட்டா உள்ள விட மாட்டோம்னாங்களோ, அதே அரைக்கால் சட்டையில தலைமையாசிரியைக்கு நேரெதிர நிக்கிறேன்!

கைதட்டு, விசில், கூரை பிச்சுக்கிட்டுப் போச்சு. தலைமையாசிரியையும் வாயைப் பொத்திக்கிட்டுக் குலுங்கினாங்க.

மேடைத் திரைக்குள்ளேருந்து மருதாணி போட்ட கை ஒண்ணு நீண்டு சலங்கையைப் பிடுங்குச்சு. முகம் வரல. குரல் மட்டும் வந்துச்சு: "தேங்க்ஸ்ப்பா. இப்ப வீட்டுக்குப் போங்க, பிளீஸ்!"

போகல. கடைசியில ஒரு தூணோரமா, கைலியை ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். என்னமா ஆடினா என் பொண்ணு! சந்தோஷத்துல கண்ணு கலங்கிடுச்சு, தொடைக்கத்தான் கை இல்ல.

ஆடி முடிச்சதும் மண்டபமே எழுந்து கை தட்டுச்சு.

இன்னைக்கு அங்க விழுந்ததுலயே ரெண்டாவது பெரிய கைதட்டு அதுதான்.